அளவுக்கு மீறி உயர்த்தப்பட்ட ஹைலக்ஸ்: டர்பனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சொந்தமான 2007ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 3.0 டி-4டி, நான்கு சக்கர இயக்கமுள்ள டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள) பிக்கப் வண்டி, இந்த ஆய்வின் பொருள். எங்கள் பட்டறைக்கு வந்தபோது அதன் முன்புறம் 75 மி.மீ., பின்புறம் 50 மி.மீ. உயர்த்தப்பட்டிருந்தது, 265/70ஆர்16 டயர்கள் இருந்த இடத்தில் 285/75ஆர்16 டயர்கள் அகலமான ரிம்களோடு பூட்டப்பட்டிருந்தன. இந்த வேலை முழுவதும் வேறொரு பட்டறையில் சில மாதங்களுக்கு முன் செய்யப்பட்டது. பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மழை நாளில், பின்னால் சுமையோடு, வீட்டுத் தெருவின் சரிவிலிருந்து ஹிக்கின்சன் நெடுஞ்சாலையை நோக்கி இறங்கியபோது, பிரேக்கை மிதித்ததும் முன்பக்கம் குத்திக் குனிந்ததே தவிர வண்டி எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. வண்டிக்காரரை எங்களிடம் கொண்டுவந்தது அந்த ஒரு சம்பவம்தான். மற்றக் குறைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிறகுதான் சொன்னார்.

அவர் குழாய் வேலை ஒப்பந்தக்காரர். வார நாள்களில் குழாய்களும் கருவிகளும் சேர்த்து 300 முதல் 400 கிலோ வரை சுமை. கூரைச் சட்டத்தின் மேல் ஓர் ஏணி. காவடித் திருவிழாவின்போது கோயில் சமையலுக்கான அண்டாக்களும் அரிசி மூட்டைகளும் இதே வண்டியில்தான் போகும். விடுமுறைகளில் குடும்பத்தோடு, லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி கணவாய்க்கும், சில ஆண்டுகளில் வடக்கு சூலூலாந்தின் மணல் பாதைகளுக்கும் செல்வார்கள். கடற்கரை மணலில் வண்டி ஓட்டுவது தென்னாப்பிரிக்காவில் 2002இன் தொடக்கத்திலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. அனுமதி பெற்ற படகு இறக்குமிடங்கள் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. ஆகவே இந்த வண்டிக்கு உண்மையில் தேவைப்படுவது மலைப்பாதையின் கற்களைக் கடக்கும் திறமும், சுமையோடு நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும் குணமும். எந்த உயர்த்தும் வேலையையும் இப்படி வண்டியின் ஆண்டு முழுமைக்குமான பயன்பாட்டை எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் இந்த வேலையைச் செய்த பட்டறையில் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்று வண்டிக்காரர் சொன்னார்.

உயரம் எங்கே கூடுகிறது

ஸ்பிரிங்கை உயர்த்துவதும் பெரிய டயர் போடுவதும் இரண்டு தனித்தனி வேலைகள். இரண்டும் வண்டியின் வெவ்வேறு பகுதிகளை உயர்த்துகின்றன. ஹைலக்ஸின் பின்புறம் லீஃப் ஸ்பிரிங் மேல் நிற்கும் முழு ஆக்ஸில். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சேசிஸும் பாடியும்தான் மேலே போகும். ஆக்ஸிலின் நடுவில், இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்தக்கூடியது டயர் ஒன்றே. 265/70ஆர்16 டயரின் விட்டம் 777 மி.மீ., 285/75ஆர்16 டயரின் விட்டம் 834 மி.மீ.; வித்தியாசம் ஏறத்தாழ 56 மி.மீ. ஆக்ஸிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, அதாவது 28 மி.மீ. மட்டுமே.

முன்புறத்தில் கதை வேறு. அங்கே சேசிஸோடு இணைக்கும் மேல், கீழ் என இரண்டு ஆர்ம்களோடு (கைகளோடு) ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் அமைப்பு. டிஃப்ரன்ஷியல் சேசிஸில் தொங்குவதால் ஸ்பிரிங்கை உயர்த்தினால் அதுவும் உயரும். ஆனால் சக்கரம் கீழேயே இருந்துவிடுகிறது. டிஃப்ரன்ஷியலையும் சக்கரத்தையும் இணைக்கும் சிறிய ஷாஃப்ட் சாய்ந்து நிற்க வேண்டியதாகிறது. அந்தச் சாய்வுக்கான விலையை, சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பான சி.வி. ஜாயின்ட் கொடுக்கிறது.

எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைத் தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்து சொல்வது பொதுவான பழக்கம். அது டயரின் உயரத்தையும் காற்றழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லும் குழப்பமான அளவு. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால்தான் ஸ்பிரிங்கின் பங்கு தனியாகத் தெரியும். மேலே கொடுத்த 75, 50 ஆகிய எண்கள் அப்படி அளந்தவையே.

கீழே படுத்துப் பார்த்தபோது

முன்புறத்தில் பழைய ஸ்பிரிங்கும் பழைய சாக் அப்சார்பருமே இருந்தன. அவற்றின் தலையில், சேசிஸோடு சேரும் இடத்தில், 38 மி.மீ. தடிமனுள்ள ஓர் அலுமினிய ஸ்பேசர் செருகப்பட்டிருந்தது. கீழ் ஆர்மின் ஏறத்தாழ நடுவில் ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பதால், மேலே வைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டாகப் பெருகும், 38 மி.மீ. ஸ்பேசர் 75 மி.மீ. உயரமானது அப்படித்தான். மலிவான வழி இது. இதன் தீங்கு வண்டி நிற்கும்போது தெரியாது. ஸ்பேசர் தலையில் உட்காரும்போது சக்கரத்தின் முழு அசைவெல்லையும் அப்படியே கீழே நகர்ந்துவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஆர்ம்கள் தாங்கள் வடிவமைக்கப்பட்ட கோணத்தைத் தாண்டிக் கீழே போகின்றன. இந்த வண்டியில் அதற்கான சாட்சி கண்ணெதிரே இருந்தது: இரண்டு பக்கமும் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கின் வெளிச்சுற்றில் இடித்து, பெயின்ட் உதிர்ந்து, விரல் நுனி அளவுக்கு இரும்பு பளபளவென்று தெரிந்தது. சுருள் ஸ்பிரிங்கில் அப்படியொரு தழும்பு ஏற்பட்டால் அங்கிருந்துதான் ஒரு நாள் விரிசல் புறப்படும்.

இடது முன் சக்கரத்தின் சி.வி. ரப்பர் உறை மடிப்பில் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்திலிருந்து கிரீஸ் சுழன்று தெறித்து, ஆர்மின் மேலும் பிரேக் ஹோஸின் மேலும் ஒரு கரிய வளைகோடாகப் படிந்து, அதில் செம்மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. சாய்வு கூடும்போது உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இந்த வண்டியின் முன் சக்கர ஹப்களில் பூட்டித் திறக்கும் வசதி கிடையாது. இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போதும் சி.வி. ஜாயின்ட்கள் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுகொண்டேதான் இருக்கும். ஆகவே மலைக்குப் போகாமல் டர்பன் தெருக்களில் மட்டும் ஓடினாலும் தேய்மானம் நிற்பதில்லை. முழுத் திருப்பத்தில் 'கடக் கடக்' என்று கேட்ட ஓசைக்குக் காரணம் கழற்றியபோது தெரிந்தது: மண் புகுந்து, குண்டுகள் ஓடும் தடங்கள் குழிந்துவிட்டிருந்தன.

பின்புறத்தில் ஆக்ஸிலுக்கும் லீஃப் ஸ்பிரிங் கட்டுக்கும் இடையே 50 மி.மீ. இரும்புக் கட்டைகள் வைத்து, நீளமான யூ-போல்ட்களால் இறுக்கியிருந்தார்கள். கட்டை வைத்தால் உயரம் உடனே கிடைக்கும். ஆனால் சக்கரத்தின் முறுக்கு விசை இப்போது ஸ்பிரிங்கைக் கூடுதல் நெம்புகோல் நீளத்தோடு திருகுகிறது. முதல் கியரில் புறப்படும்போது பட்டை 'எஸ்' வடிவில் வளைந்து ஆக்ஸில் மூக்கை மேலே தூக்கும். சக்தியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுசெல்லும் ஹைலக்ஸின் பின் பிராப்பளர் ஷாஃப்ட் இரண்டு துண்டுகளாக, நடுவில் ஒரு பேரிங்கோடு அமைந்தது. அதன் யூ-ஜாயின்ட்களின் (வளையும் இணைப்புகளின்) கோணங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்தால்தான் ஷாஃப்ட் அமைதியாகச் சுழலும். 50 மி.மீ. உயர்வில் அந்த ஈடு குலைந்துவிட்டது. சிக்னலில் நின்று புறப்படும்போதெல்லாம் இருக்கைக்குக் கீழே ஒரு நடுக்கம் இருந்ததாக அவர் சொன்னது இதனால்தான்.

பிரேக்: முக்கியமான கண்டுபிடிப்பு

இந்த வண்டியின் பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேசிஸில், சுமையறிந்து பிரேக் அழுத்தத்தைப் பகிரும் ஒரு வால்வு உள்ளது. அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலில் உள்ள தாங்கிக்கு இறங்குகிறது. சுமை ஏறிச் சேசிஸ் தாழும்போது கம்பி நெம்புகோலைத் தள்ள, வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடும். சுமை இல்லாமல் சேசிஸ் உயர்ந்திருக்கும்போது பின் சக்கரம் வழுக்கிவிடாதபடி அழுத்தத்தைக் குறைக்கும். எளிமையான, அறிவார்ந்த அமைப்பு. ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையேயான தூரம் மட்டுமே. கட்டை வைத்து அந்தத் தூரத்தை 50 மி.மீ. கூட்டியவர்கள் வால்வின் தாங்கியை மாற்றவில்லை. வண்டியில் எவ்வளவு சுமை ஏற்றினாலும் வால்வு அதை வெறும் வண்டியாகவே கருதியது.

ஊகத்தோடு விட்டுவிடாமல் இதை உறுதிசெய்தோம். வெறும் வண்டியை உருளைப் பிரேக் சோதனை மேடையில் ஏற்றிப் பின் சக்கரங்களின் பிரேக் விசையைக் குறித்துக்கொண்டு, பிறகு 50 கிலோ சிமென்ட் மூட்டைகள் எட்டைப் பின்னால் அடுக்கி, அதே அளவு மிதித்துப் பார்த்தோம். 400 கிலோ ஏறியும் பின் விசை குறிப்பிடும்படி கூடவில்லை. நெம்புகோல் தன் கீழ் எல்லையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சுமையோடு சரிவில் இறங்கும்போது நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன் பிரேக்குகளே சுமந்தன என்பது இதனால் தெளிவாயிற்று.

இதோடு டயரின் பங்கும் சேர்கிறது. பிரேக் உண்டாக்கும் முறுக்கு விசை அதேதான். டயரின் ஆரம் 7.3 விழுக்காடு கூடிவிட்டதால், சாலையில் கிடைக்கும் நிறுத்து விசை அதே மிதிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு குறைகிறது. கனமான டயரைச் சுழற்சியிலிருந்து நிறுத்தவும் கூடுதல் உழைப்பு தேவை. உயர்த்திய வண்டி நன்றாக இழுக்கவில்லை என்று வருத்தப்படுபவர்கள் பலர். நன்றாக நிற்கவில்லை என்பதை ஆபத்து நேரும்வரை கவனிப்பவர்கள் குறைவு. இந்த வால்வின் தாங்கியை உயர்த்தாமல் ஒரு சுமை வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே அனுப்புவதை நான் மன்னிக்கக்கூடிய கவனக்குறைவாகக் கருதவில்லை. பின் இருக்கையில் குழந்தைகள் உட்காரும் வண்டி இது.

ரிம், ஸ்டியரிங், விளக்கு

அகலமான டயர் மேல் ஆர்மில் உரசாமலிருக்க, 7 அங்குல அகலமும் 30 மி.மீ. ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பூட்டும் தளத்துக்கும் உள்ள தூரம்) கொண்ட பழைய ரிம்களை நீக்கிவிட்டு, 8 அங்குல அகலமும் சுழிய ஆஃப்செட்டும் கொண்டவற்றைப் போட்டிருந்தார்கள். கணக்குப் பார்த்தால், ரிம்மின் வெளி விளிம்பு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 43 மி.மீ. வெளியே வந்துவிட்டது. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நின்றது; தகுதிச் சான்றுச் சோதனையில் இது கேள்விக்குள்ளாகும், தென்னாப்பிரிக்காவில் வண்டியை விற்றுப் பெயர் மாற்றும்போது அந்தச் சான்று கட்டாயம். அதைவிட முக்கியமானது, சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து டயரின் நடுக்கோடு 30 மி.மீ. விலகிவிட்டது. குழியில் ஒரு சக்கரம் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் கையைப் பிடுங்கியது; முழுத் திருப்பத்தில் டயரின் பின்தோள் மட்கார்டின் உட்பிளாஸ்டிக்கைத் தின்று தேய்த்திருந்தது.

அலைன்மென்ட் அளவீட்டில் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) ஒரு டிகிரிக்கும் கீழே இருந்தது. கேம்பரை (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணத்தை) சரிக்கட்டுவதற்காக, இக்கோணங்களைத் திருத்தும் கேம் போல்ட்களின் திருப்பம் முழுவதையும் செலவழித்துவிட்டதால் கேஸ்டருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வளைவிலிருந்து வெளிவந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது கேஸ்டரால்தான். என்3 நெடுஞ்சாலையில் வண்டி தடத்துக்குள் அலைந்தது என்ற முறையீட்டுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இன்னொரு குறையும் கண்டோம்: ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள், வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கப்பட்டிருந்தன. சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு இறுக்கினால்தான் ரப்பர் முறுக்கில்லாமல் இருக்கும். இல்லையேல் அது பிறந்த நாள் முதலே முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும்.

ஹைலக்ஸ் ஆலையிலிருந்து வரும்போதே பின்புறம் சற்று உயர்ந்து நிற்கும். சுமை ஏறினால் சமமாவதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தை மட்டும் 25 மி.மீ. அதிகமாக உயர்த்தியதால் வெறும் வண்டி சமமாக நின்றது, சுமையேறிய வண்டி மூக்கைத் தூக்கியது. 3,085 மி.மீ. அச்சிடைத் தூரத்தில் 25 மி.மீ. என்பது 0.8 விழுக்காட்டுச் சாய்வு. தாழ் ஒளிக்கற்றைக்கு வைக்கும் கீழ்நோக்கிய சாய்வே பொதுவாக 1 விழுக்காட்டை ஒட்டியதுதான் என்பதால், இந்த வண்டியின் தாழ் ஒளி ஏறத்தாழ நேராக எதிரே வருபவர் கண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கவிழும் அபாயத்தைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். வண்டியின் எடை மையம் 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகத் தோராயமாகக் கொண்டால், 1,540 மி.மீ. தட அகலத்துக்கு நிலைத்தன்மை விகிதம் (தட அகலத்தில் பாதியை அந்த உயரத்தால் வகுத்தது; குறையக் குறையக் கவிழ்வது எளிது) 1.10. எடை மையம் 780 மி.மீ.க்கு ஏறி, ரிம்களால் தட அகலம் 1,600 மி.மீ. ஆனபோது அது 1.03. வெளியே தள்ளிய ரிம் இழப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது என்பது உண்மைதான். ஆனாலும் இழப்பே மிஞ்சுகிறது, கூரைமேல் ஏணி இருக்கும்போது இன்னும் கூடும்.

கியரும் மலையும்

டயரின் சுற்றளவு 2,442 மி.மீ.யிலிருந்து 2,620 மி.மீ.க்குப் போய்விட்டது. ஒவ்வொரு கியரும் 7 விழுக்காடு நீண்டுவிட்டதற்குச் சமம் இது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் வரும் 'டவுன் ஹில்' என்ற மலையேற்றத்தில் ஐந்தாம் கியர் பயனற்றுப்போனது. ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது, முன்பு அது சரியாகக் காட்டியதாகக் கொண்டால், உண்மை வேகம் 107. ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுபவர் உண்மையில் 10,700 கிலோமீட்டரைத் தாண்டி மாற்றுகிறார்.

சானியில் இது இன்னும் கூர்மையாகிறது. அடிவாரத்திலுள்ள தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியிலேயே நான்கு சக்கர இயக்க வண்டிகளை மட்டும்தான் மேலே விடுவார்கள். கணவாயின் உச்சி 2,876 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். டர்போ சுழன்று வேகம் பிடித்துவிட்டால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஆனால் கொண்டையூசி வளைவில் ஏறக்குறைய நின்று, மறுபடி புறப்படும்போது, என்ஜின் குறைந்த சுழற்சியில் இருக்கும், டர்போ உதவிக்கு வராது. அந்த நொடியில் 7 விழுக்காடு நீண்ட முதல் கியரை இழுக்க கிளட்ச்சைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். மேல் வளைவுகளில் கிளட்ச் கருகும் வாடை வந்ததாக அவர் சொன்னது அதனால்தான். இறங்கும்போதும் இதே கணக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது: லோ ரேஞ்சில் (மெதுவான மலைப்பயணத்துக்கான தாழ் கியர் வரிசையில்), அதே சுழற்சியில், வண்டி 7 விழுக்காடு வேகமாக உருளும், பிரேக்கை அடிக்கடி தொட வேண்டிவரும். அந்தப் பிரேக்கின் நிலையைத்தான் மேலே பார்த்தோம்.

மாற்று டயரின் நிலை தனிக் கவலை. பெரிய டயர் பின்புறத்தின் அடியில் அடங்காததால் பழைய அளவு டயரையே அங்கே தொங்கவிட்டிருந்தார்கள். இந்த வண்டியின் நான்கு சக்கர இயக்கத்தில் முன் பின் ஆக்ஸில்களுக்கு இடையே டிஃப்ரன்ஷியல் கிடையாது. இரண்டும் பூட்டியே சுழலும். சானியின் நடுவில் ஒரு டயர் வெடித்து, 7 விழுக்காடு சிறிய சக்கரத்தைப் பூட்டினால், நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டும் ஒவ்வொரு மீட்டரிலும் பற்சக்கரங்களில் இறுக்கம் ஏறிக்கொண்டே போகும்.

என்ன செய்தோம்

அறிக்கையை வைத்துக்கொண்டு வண்டிக்காரரோடும் அவருடைய மூத்த மகனோடும் உட்கார்ந்து பேசினோம். 285 டயரையும் உயரத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு: மேல் ஆர்ம்களை மாற்ற வேண்டும், முன் டிஃப்ரன்ஷியலைத் தாழ்த்தும் தாங்கிகள் போட வேண்டும், முன் பின் இரண்டு டிஃப்ரன்ஷியல்களிலும் 7 விழுக்காடு குறுகிய பற்சக்கரங்கள் வேண்டும், பிரேக்கையும் பெரிதாக்க வேண்டும். செலவு இந்த வண்டியின் மதிப்போடு ஒப்பிட்டால் நியாயமாகாது. மகன் உயரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இருந்தார். "தம்பி, அவனுக்கு உயரம் வேணும், எனக்கு பிரேக் வேணும்; நீங்க பிரேக்கைப் பாருங்க" என்று தகப்பனார் முடித்துவிட்டார்.

முன்னால் ஸ்பேசர்களை அகற்றி, சக்கரத்தில் 40 மி.மீ. உயரம் தரும் புதிய ஸ்பிரிங்குகளையும் அவற்றுக்கு இணையான நீளமுள்ள சாக் அப்சார்பர்களையும் போட்டோம். இரும்பு பம்பரோ வின்ச்சோ இல்லாத வண்டியானதால் கனமான ஸ்பிரிங் தேவைப்படவில்லை. உயரத்தை மட்டும் பார்த்துக் கனமான ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தால் முன்பக்கம் கட்டாந்தரை போல் இறுகிவிடும். பின்னால் கட்டைகளை எறிந்துவிட்டு, 300 கிலோ நிலையான சுமைக்கென்று செய்யப்பட்ட முழு லீஃப் ஸ்பிரிங் தொகுப்பைப் பூட்டினோம். அதுவும் 40 மி.மீ. உயர்த்தும். யூ-போல்ட்கள் புதியவை, ஏனென்றால் ஒருமுறை இழுத்து நீண்ட யூ-போல்ட்டை மறுபடி நம்பக்கூடாது. சுமை வால்வின் தாங்கியை அதே 40 மி.மீ. உயர்த்தி, வெறும் வண்டியிலும் 400 கிலோ சுமையிலும் அழுத்தத்தை அளந்து சரிப்படுத்தினோம். பிராப்பளர் ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைச் சில மில்லிமீட்டர் தாழ்த்தியதும் புறப்படும்போதிருந்த நடுக்கம் போயிற்று. தழும்பு விழுந்த ஸ்பிரிங்குகள் பழைய இரும்புக்குப் போயின.

டயருக்கு 265/75ஆர்16ஐத் தேர்ந்தோம். விட்டம் 804 மி.மீ.; ஆலை அளவைவிட 3.4 விழுக்காடுதான் அதிகம். பழைய 7 அங்குல ரிம்களிலேயே உட்காரும், மட்கார்டுக்குள் அடங்கும், மாற்று டயரும் அதே அளவில் அடியில் பொருந்தும். டிஃப்ரன்ஷியலுக்கு அடியில் 28 மி.மீ.க்குப் பதிலாக 13 மி.மீ. மட்டுமே கூடுகிறது. இழந்தது 15 மி.மீ.; சானியின் கற்களில் 15 மி.மீ.யை ஓட்டுநர் சக்கரத்தை வைக்கும் இடத்தைக் கவனித்தே ஈடுசெய்துவிடலாம் என்பது என் கணிப்பு. வாங்கிய டயர்கள் கடினச் சுமை வகையைச் சேர்ந்தவை என்பதால், பழைய டயரில் வைத்த அழுத்தத்தையே இவற்றிலும் வைத்தால் அதே சுமையைத் தாங்காது. சுமை நாள்களுக்கு வேறு அழுத்தம் எழுதிக் கதவில் ஒட்டினோம். விளக்குகளைச் சரிப்படுத்தி, காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவிக்கும்படியும் சொன்னோம். முன்பு அதைச் செய்யாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

சானிக்குப் போய்வந்த பிறகு

முதல் சில நூறு கிலோமீட்டரில் யூ-போல்ட்களை மறுபடி இறுக்கிய பிறகு, குடும்பம் ஹோவிக், புல்வர், அண்டர்பர்க் வழியாகக் கணவாய்க்குப் போனது. டவுன் ஹில்லில் வண்டி நான்காம் கியரில் நிதானமாக ஏறியது. தட்டையான இடங்களில் ஐந்தாம் கியர் திரும்பவும் பயன்பட்டது. மேல் வளைவுகளில் லோ ரேஞ்ச் முதல் கியரில், கிளட்ச்சைத் தேய்க்காமல் புறப்பட முடிந்தது. இறங்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது.

உச்சியில் மகன் டயர் அழுத்தத்தை அளந்துவிட்டு, டர்பனில் 2.0 பார் வைத்தது இங்கே 2.1 காட்டுகிறதே என்று தொலைபேசியில் கேட்டார். நல்ல கவனிப்பு. டர்பனில் 28 டிகிரியில் நிரப்பிய காற்று மேலே 8 டிகிரியில் சுருங்கி 0.2 பார் இழக்கிறது. வெளிக் காற்று மெலிந்ததால் அளவி 0.3 பார் கூட்டிக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ அந்த எண்தான் வரும். மலையேறினால் டயர் ஆபத்தாக உப்பிவிடும் என்று பயந்து உச்சியில் காற்றை இறக்குபவர்கள், டர்பனுக்குத் திரும்பும்போது மென்மையான டயரோடு நெடுஞ்சாலையில் ஓடுகிறார்கள். சுமையும் வேகமும் சேர்ந்தால் டயரின் பக்கச்சுவர் சூடேற அது போதும்.

திரும்பிவந்ததும் வண்டியை மறுபடி தூக்கிப் பார்த்தோம். புதிய சி.வி. உறைகள் உலர்ந்திருந்தன, மேல் ஆர்ம் ஸ்பிரிங்கைத் தொட்ட அடையாளம் இல்லை. வலது முன் டயர் முழுத் திருப்பத்தில், சக்கரம் மேலே அழுந்தும்போது, மட்கார்டின் உட்பிளாஸ்டிக்கை லேசாக உரசியிருந்தது. அந்த ஓரத்தை வெட்டிச் சீராக்கினோம். ஸ்பிரிங்குகள் அமர்ந்து முன்புறம் 4 மி.மீ. தாழ்ந்திருந்ததால் அலைன்மென்ட்டைத் திரும்பச் செய்தோம். கேஸ்டர் இப்போது இரண்டரை டிகிரி, இரு பக்கமும் சமம். மேல் ஆர்ம்களை மாற்றினால் இன்னும் சற்றுக் கூட்டலாம். அவற்றின் பால் ஜாயின்ட்கள் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய நாள் வரும்போது அதைச் செய்துகொள்வதென்று வண்டிக்காரரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம்.